சிறு நிலத்துக்கு டிராக்டர் ஸ்பிரேயர்: எடையும் நாசிலும் பார்த்து வாங்கும் முறை

மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் பருவத்தில்தான் பெரும்பாலும் டிராக்டர் ஸ்பிரேயர் வாங்கும் எண்ணம் வருகிறது. அந்த அவசரத்தில் கடைக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது டேங்கின் அளவு. அடுத்தது, மருந்தைத் தெளிக்கும் முனைகளான நாசில்களை வரிசையாகப் பூட்டி, விரித்து நிறுத்தியிருக்கும் பூம் என்ற குறுக்குச் சட்டத்தின் நீளம். விற்பவரும் அவ்விரண்டையும் காட்டியே விலை சொல்கிறார். ஆனால் ஐந்து ஏக்கருக்குள் பயிரிட்டு, 18 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர் ஒன்றை வைத்திருப்பவருக்குப் பெரிய டேங்கும் நீண்ட பூமும் உதவுவதைவிடத் தொல்லை தருவதே அதிகம். பணத்தைச் செலவிட வேண்டிய இடங்கள் பம்பும் நாசிலும். அடக்கி வைக்க வேண்டியது எடை. தமிழ்நாட்டு மானாவாரி, இறவை நிலங்களை மனத்தில் கொண்டு, இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

பயிருக்குள் டிராக்டர் போகுமா?

கருவியைப் பார்ப்பதற்கு முன் வயலைப் பார்க்க வேண்டும். பூம் ஸ்பிரேயர் என்பது டிராக்டர் பயிருக்குள் ஓடிக்கொண்டே தெளிக்கும் கருவி. நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு, எள் போன்ற குட்டையான பயிர்களில் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் நிலக்கடலையை வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைக்கும்போது டயர் எங்கே போகும் என்பதை விதைப்பன்றே முடிவு செய்து, சக்கரத் தடத்துக்கென்று இரண்டு வரிசைகளை விதைக்காமல் விட வேண்டும். நான்கு மீட்டர் பூமுக்கு நான்கு மீட்டருக்கு ஒரு முறை இந்தத் தடம் வரும். இதற்கு மனம் வராதவர்கள் பூம் ஸ்பிரேயர் வாங்காமல் இருப்பதே நல்லது, ஏனெனில் ஒவ்வொரு தெளிப்பிலும் வெவ்வேறு வரிசைகள் நசுங்கினால், விடாமல் விதைத்த வரிசைகளால் கிடைக்கும் ஆதாயத்தைவிட இழப்பே மிகுதியாகும்.

மக்காச்சோளத்தில் சிக்கல் வேறு. மினி டிராக்டரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஓர் அடிதான். பயிர் முழங்காலைத் தாண்டிய பிறகு உள்ளே ஓட்டினால் தண்டு ஒடியும். 2018ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு குருத்துக்குள் இருந்துகொண்டு தின்பதால், பயிர் இளமையாக இருக்கும்போது ஒரு முறை தெளித்தால் மட்டும் போதாது. பூம் பயன்படாத வளர்ச்சி நிலையிலும் மருந்தடிக்க நேரிடும். சேறடித்த நெல் வயலைப் பற்றிப் பேசவே வேண்டாம். நெல் மட்டுமே பயிரிடுபவர் கைத்தெளிப்பானையோ வாடகை ட்ரோனையோ நாடலாம். டிராக்டர் ஸ்பிரேயர் அவருக்கு உரியதன்று.

இரண்டாவது வகை, நம் ஊர்களில் எச்.டி.பி. என்று அழைக்கப்படும் பிஸ்டன் பம்பும், நீண்ட ஹோஸும், கையில் பிடிக்கும் கன்னும் சேர்ந்தது. டிராக்டர் வரப்பிலோ வண்டிப் பாதையிலோ நின்றுகொள்ள, ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை ஹோஸை இழுத்துச் சென்று ஒருவர் அடிப்பார். பயிரில் மாட்டாமல் ஹோஸை நகர்த்த இன்னொருவர் வேண்டும். ஆளில்லாமல் முடியாது என்பது இதன் குறை. ஆனால் வளர்ந்த மக்காச்சோளம், வாழை, மா, தென்னை என்று எதற்கும் இது பொருந்தும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கு, ஓலையின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரையே விசையோடு பீய்ச்சி அடிக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது. அந்த வேலையை எந்தப் பூமும் செய்யாது.

மூன்றாவது, பெரிய விசிறியால் காற்றை ஊதி மருந்தைக் கொண்டுசெல்லும் ஏர் பிளாஸ்ட் ஸ்பிரேயர். நாசிக் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் இது வழக்கமான கருவி. இதில் டிராக்டரின் சக்தியைக் குடிப்பது பம்பு அன்று, விசிறி. ஆகவே டிராக்டரின் இன்ஜின் குதிரைத்திறனைச் சொல்லாமல், கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் குதிரைத்திறனைச் சொல்லி, அதற்கு ஏற்ற விசிறியைக் கேட்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கைப் போலப் பந்தல் முறையில் திராட்சை வளர்ப்பவர்கள், இருபுறமும் சுவர்போல நிற்கும் செடிகளுக்கென்று அமைந்த கருவியை அப்படியே வாங்கிவிடக் கூடாது. பந்தலுக்குக் காற்றும் நாசிலும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். ஒரே பழப்பயிரை இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் வைத்திருந்து, ஆண்டுக்குப் பல முறை தெளிப்பவருக்கு மட்டுமே இந்த விலை கட்டுப்படியாகும்.

என்னைக் கேட்டால், கலப்பாகப் பல பயிர்கள் வைத்திருக்கும் சிறு விவசாயி முதலில் எச்.டி.பி. கன் அமைப்பை வாங்கிக்கொண்டு, குட்டைப்பயிரின் பரப்பு மூன்று ஏக்கரைத் தாண்டும்போது பூமைப் பற்றி யோசிக்கலாம். இரண்டுக்கும் ஒரே பம்பைப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

எடைக் கணக்கு

டிராக்டரின் ஹைட்ராலிக் 750 கிலோ தூக்கும் என்று விளம்பரத் தாளில் இருந்தால், 400 லிட்டர் டேங்கைத் தாராளமாகத் தூக்கும் என்று நினைப்பது இயல்பு. தூக்கத்தான் செய்யும், ஆனால் அந்த 750 கிலோ என்பது பெரும்பாலும் கருவியைப் பூட்டித் தூக்கும் கீழ்க் கையான லிங்க்கின் நுனியில் அளந்த எடை. ஸ்பிரேயரின் பாரமோ அந்த நுனியிலிருந்து இரண்டு அடி பின்னால் நிற்கிறது. அதனால்தான் டிராக்டர் சோதனை அறிக்கைகளில் லிங்க்கின் நுனிக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் தூக்கும் திறனையும் தனியாக அளந்து தருகிறார்கள். அந்த எண் எப்போதும் குறைவாகவே இருக்கும், நமக்குத் தேவையானதும் அதுதான்.

தூக்குவதைவிடப் பெரிய சிக்கல், முன்சக்கரம் தரையில் நிற்குமா என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 850 கிலோ எடையுள்ள ஒரு மினி டிராக்டரில் ஏறத்தாழ 340 கிலோ முன்சக்கரங்களின்மேல் இருப்பதாகவும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். 400 லிட்டர் தண்ணீரும் 100 கிலோ சட்டமும் பம்பும் சேர்ந்து 500 கிலோ. அது பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. 500ஐ 1.1ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 366 கிலோ வருகிறது. அதாவது, முன்சக்கரங்களின்மேல் இருந்த 340 கிலோவும் போய், டிராக்டர் பின்னுக்குச் சாய வேண்டிய நிலை. 200 லிட்டர் டேங்கும் 80 கிலோ சட்டமும் என்றால் 205 கிலோ குறைந்து, 135 கிலோ மிச்சமாகும். ஸ்டியரிங் கட்டுக்குள் இருக்க டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, இங்கே 170 கிலோ, முன்சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. எனவே 200 லிட்டருக்கே முன்பக்கம் நாற்பது கிலோ அளவுக்கு எடைக்கட்டிகள் பூட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் டிராக்டருக்கு உரிய எண்ணை ஊகிக்கத் தேவையில்லை. பக்கத்து ஊர் எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தி ஒரு சீட்டு வாங்கினால், முன் அச்சின் எடை தெரிந்துவிடும். ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பிப் பூட்டிய பிறகும் ஒரு முறை இதைச் செய்துவிட்டால், வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தூக்குமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. பெரிய டேங்குதான் வேண்டும் என்பவர்கள் அதை டிராக்டரின் பின்னால் லிங்க்குகளால் ஆன மூன்று புள்ளி இணைப்பில் தொங்கவிடாமல், இரண்டு சக்கர டிரெய்லரில் வைத்து இழுக்கலாம். கன் வைத்து அடிப்பவர்களுக்கு இதுவே மலிவான, பாதுகாப்பான வழி. 400 லிட்டரைத் தொங்கவிட வேண்டுமானால் 40 குதிரைத்திறன் அளவுள்ள கனமான டிராக்டரும், அதிலும் முன் எடையும் தேவைப்படும்.

பூமின் நீளமும் நாசிலும்

நாசில்களுக்கு இடையே அரை மீட்டர் விட்டால், நான்கு மீட்டர் பூமில் எட்டு நாசில்கள் இருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 67 மீட்டர் நகர்ந்து, 267 சதுர மீட்டரை நனைக்கிறது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், 15 நிமிடத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். ஆறு மீட்டர் பூம் என்றால் பத்து நிமிடம். மிச்சமாகும் ஐந்து நிமிடத்துக்காக, கூடுதல் விலையும், வேலி மரத்தில் இடிக்கும் நுனியும், மேடுபள்ளத்தில் ஆடும் சட்டமும் நமக்குத் தேவையா என்று பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கும்போது, உண்மையில் நேரத்தைத் தின்பது பூமின் நீளம் அன்று. தண்ணீர் நிரப்புவதும் மருந்து கலப்பதும்தான். 200 லிட்டர் டேங்கில் ஒரு நிரப்புக்கு ஒரு ஏக்கர் என்று கணக்கு நேராக இருப்பது, மருந்தின் அளவில் தவறு நேராமலும் காக்கிறது.

நாசில்களின் நிறத்தை அழகுக்கு வைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அது ஓர் உலகத் தர ஒழுங்கு. மூன்று கிலோ அழுத்தத்தில் (அதாவது சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ) பச்சை நாசில் நிமிடத்துக்கு 0.6 லிட்டரும், மஞ்சள் 0.8 லிட்டரும், நீலம் 1.2 லிட்டரும், சிவப்பு 1.6 லிட்டரும் விடும். மேலே சொன்ன எட்டு நாசில் பூமில் சிவப்பைப் பூட்டினால் நிமிடத்துக்கு 12.8 லிட்டர், 15 நிமிடத்தில் ஏக்கருக்கு 194 லிட்டர் என்று வரும். அதே வேகத்தில் மஞ்சளைப் பூட்டினால் அதில் பாதிதான். தண்ணீர் போதவில்லை என்று அழுத்தத்தை ஏற்றுவது வீண் வேலை: ஒரே நாசிலில் இரு மடங்கு தண்ணீர் வேண்டுமென்றால் அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும், அப்போது துளிகள் பொடிந்து காற்றில் பறந்து அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். நாசிலை மாற்றுவதோ வேகத்தைக் குறைப்பதோதான் முறை. வேகத்தைக் குறைக்க ஆக்சிலரேட்டரைத் தளர்த்தக் கூடாது; பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்று குறைந்தால் பம்பும் குறைந்துவிடும். கியரை மாற்றியே வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். 50 மீட்டர் தூரத்தை 45 நொடியில் கடந்தால் அது மணிக்கு 4 கிலோமீட்டர்.

களைக்கொல்லிக்கு விசிறிபோல் விரியும் தட்டை நாசிலும், பூச்சிக்கொல்லிக்கும் பூஞ்சாணக்கொல்லிக்கும் குழிந்த கூம்பாக விரியும் நாசிலும் பொருத்தம். தட்டை நாசிலில் 110 பாகை விரிவுள்ளதை எடுத்தால், பயிரின் உச்சியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பூம் நின்றால் போதும். 80 பாகை என்றால் இன்னும் ஒரு சாண் உயர்த்த வேண்டும், காற்றும் அதற்கேற்பத் தொல்லை செய்யும். பித்தளை நாசில் மலிவு. ஆனால் பவுடர் மருந்துகளில் விரைவாகத் தேயும். நல்ல பிளாஸ்டிக்கும், எஃகும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீங்கானும் நெடுநாள் நிற்கும். அழுத்தத்தை நிறுத்தியதும் சொட்டாமல் மூடிக்கொள்ளும் டயாபிரம் வால்வு ஒவ்வொரு நாசிலிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலையில் சிறு வேறுபாடுதான். ஆனால் டிராக்டர் திரும்பும் இடங்களில் பயிர் கருகாமல் காப்பது அதுவே.

பம்பு

எட்டுச் சிவப்பு நாசிலுக்கு 12.8 லிட்டர், டேங்கில் மருந்து அடியில் படியாமல் கலக்கிக்கொண்டிருக்கத் திரும்பிவரும் தண்ணீராக டேங்கின் கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 10 லிட்டர், தேய்மானத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று சேர்த்தால், நிமிடத்துக்கு 28 லிட்டர் தரும் பம்பு போதும். அதற்குமேல் கொடுக்கும் பணம் டேங்குக்கே திரும்பும் தண்ணீருக்கான பணம். இந்தப் பம்பை மூன்று கிலோ அழுத்தத்தில் ஓட்ட அரைக் குதிரைத்திறன்கூட வேண்டாம் என்பதால், சிறிய டிராக்டர் இழுக்காது என்ற அச்சம் பூம் ஸ்பிரேயருக்குப் பொருந்தாது.

ரப்பர் சவ்வின் அசைவால் தண்ணீரைத் தள்ளும் டயாபிரம் பம்பு பவுடர் மருந்தையும், தவறுதலாகச் சிறிது நேரம் தண்ணீரின்றி ஓடுவதையும் தாங்கும், விலை அதிகம். எச்.டி.பி. பம்பு மலிவு, இருபது முப்பது கிலோ அழுத்தம் எளிதாகத் தரும், வாஷர் எந்தச் சிறு நகரக் கடையிலும் கிடைக்கும். ஆனால் வறண்டு ஓடினால் வாஷர் எரிந்துவிடும். இது பெல்ட்டில் ஓடுவதால், பம்பின் தகட்டில் எழுதியிருக்கும் சுற்றுக்கு ஏற்பப் புல்லியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 540 சுற்றில் ஓடும் பி.டி.ஓ.வில் பத்து அங்குலப் புல்லியும் பம்பில் ஆறு அங்குலப் புல்லியும் இருந்தால் பம்பு 900 சுற்றில் ஓடும்.

இப்போது முன்னர் விட்ட கேள்விக்கு வருவோம். கன்னுக்கு வாங்கிய எச்.டி.பி. பம்பையே பூமுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் அழுத்த வால்வு முப்பது நாற்பது கிலோவுக்காக அமைந்தது, மூன்று கிலோவில் நிலையாக நிற்காது. எழுபது கிலோ வரை எண்கள் பொறித்த கேஜில் மூன்றையும் ஐந்தையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே பூமுக்குப் போகும் குழாயில் தனியாகக் குறைந்த அழுத்த வால்வு ஒன்றும், பத்துக் கிலோ வரை காட்டும் கேஜ் ஒன்றும் பூட்டச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் பூமைச் சேர்த்துவிட்டு, தெளிப்பு புகையாகப் பறக்கிறது என்று நாசிலைக் குறைசொல்பவர்கள் உண்டு.

நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் மணலும் இருப்பதால் வடிகட்டிகளில் சிக்கனம் கூடாது. டேங்கின் வாயில் ஒன்று, பம்புக்கு முன் ஒன்று, நாசிலுக்குள் ஒன்று என மூன்று இடங்களிலும் இருக்க வேண்டும். பம்புக்கு முன்னுள்ள வடிகட்டியை டேங்கைக் காலி செய்யாமலே கழற்றிக் கழுவ ஒரு வால்வும் வேண்டும். டேங்கின் அடி தட்டையாக இல்லாமல் குழிந்து, கடைசித் துளி வரை வடியும்படி இருப்பது நல்லது. பருத்தியும் தக்காளியும் திராட்சையும் 2,4-டி களைக்கொல்லியின் எச்சத்துக்கே சுருண்டுவிடும் பயிர்கள். அவற்றை வைத்திருப்பவர் களைக்கொல்லிக்குத் தனியாக ஒரு கைத்தெளிப்பானை ஒதுக்கிவிட்டு, டிராக்டர் ஸ்பிரேயரில் அதை ஊற்றாமல் இருப்பதே சிக்கனம்.

விலையும் மானியமும்

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஐந்து ஏக்கருக்கு ஆண்டில் ஆறு முறை தெளிப்பதாகவும், ஆள் வைத்து அடிக்க ஏக்கருக்கு 800 ரூபாய் ஆவதாகவும் கொண்டால், ஆண்டுச் செலவு 24,000 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு எப்படியும் போகும் என்றால், மிச்சம் 16,000. கருவி 64,000 ரூபாய் என்றால் நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பும். உங்கள் ஊர்க் கூலியை இந்தக் கணக்கில் இட்டு, ஆறு ஆண்டுகளுக்குமேல் வந்தால் வாடகைக்கு எடுப்பதே மேல். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதும் உண்டு. ஆனால் பூச்சி எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில்தான் வரும் என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் கிடைக்கிறது. பொதுவாக 40 விழுக்காடும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சமூகத்தினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் உச்ச வரம்புக்கு உட்பட்டுத் தரப்படுகின்றன. இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரை நிலமுள்ளவர் சிறு விவசாயி என்பதற்கான சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்னதாகவே பெற்று வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வருவதற்கு முன் கருவியை வாங்கிவிடக் கூடாது. மானியம் போக நாம் கட்டும் தொகையை, அதே திறனுள்ள கருவியின் வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். சில வேளைகளில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிதாக இருக்கும். புத்னி, ஹிசார், கார்லதின்னே போன்ற இடங்களில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையங்களின் அறிக்கை அந்த மாதிரிக்கு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதில் பம்பு தரும் தண்ணீரின் அளவையும், நாசில்களுக்கு இடையேயான வேறுபாட்டையும் பார்க்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்

வெறும் தண்ணீரை நிரப்பி, உங்கள் டிராக்டரில் பூட்டி, ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். 540 சுற்றில் கேஜின் முள் மூன்று கிலோவில் ஆடாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் ஒரு நிமிடம் பாத்திரம் வைத்துப் பிடித்து அளந்தால், எந்த நாசிலும் சராசரியைவிடப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூடவோ குறையவோ கூடாது. பின்னர் நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில், வயலில் போகும் வேகத்திலேயே ஒரு முறை தெளித்துவிட்டு, காய்வதைக் கவனிக்க வேண்டும். களம் முழுவதும் ஒன்றுபோலக் காய்ந்தால் தெளிப்பு சீராக இருக்கிறது; கோடு கோடாக ஈரம் நின்றால் பூமின் உயரமோ நாசிலோ சரியில்லை. பழைய கருவியை வாங்குபவருக்கும் இதே சோதனைதான். தேய்ந்த நாசில்களின் விலையை மட்டும் கேட்கும் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பி.டி.ஓ. ஷாப்ட்டின்மேல் பிளாஸ்டிக் உறை முழுமையாக இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு 540 முறை சுழலும் கம்பி, வேட்டியின் நுனியையோ தோளில் கிடக்கும் துண்டையோ பற்றினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பெல்ட்டில் ஓடும் எச்.டி.பி. அமைப்பிலும் புல்லிக்கு மூடி வேண்டும். பட்டறையில் செய்து தரும் சட்டங்களில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், நாம் கேட்டுப் போடச் செய்ய வேண்டியிருக்கிறது.

பில்லில் பம்பின் மாடல் எண்ணையும் நாசிலின் எண்ணையும் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு டயாபிரமோ வாஷரோ வாங்கப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். கூடவே ஒரு செட் நாசிலும் ஒரு செட் வாஷரும் அன்றே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், மருந்து கலந்த டேங்கை வயலில் நிறுத்திவிட்டு டவுனுக்கு ஓட வேண்டியிருக்காது.